தொன்மை எண் ஏழு

தென் மண்டலத் தொன்மைத் தட்டச்சுப் பொறிப் பேரவைக்கு ஒரு தலைவர், நான்கு துணைத் தலைவர்கள், ஒரு செயலாளர், பதினொரு செயலவை உறுப்பினர்கள், இரண்டு ஆலோசகர்கள், ஒரு கொடி, ஒரு கீதம் எல்லாம் இருந்தன. தட்டச்சுப் பொறி மட்டும் இல்லை.

இதை ஒரு குறையாக இரண்டு ஆண்டுகளாக யாரும் சொல்லவில்லை. ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் நகரில் ஒரு காப்புறுதி அலுவலகத்தின் மேல்மாடியில் மாதம் தவறாமல் கூட்டம் நடந்தது. தொடங்கும்போது குத்துவிளக்கு ஏற்றினார்கள். முடியும்போது வந்திருந்த அத்தனை பேருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடைக்குப் பஞ்சமே இல்லை. துணைத் தலைவர்களில் ஒருவரான அர்ச்சுனனுக்குத் தங்காக்கில் துணிக்கடை இருந்தது.

பேரவையைத் தோற்றுவித்தவர் தலைவர் ரூபேந்திரன். வீட்டுமனை விற்பவர். ஒருமுறை சிங்கப்பூரில் ஒரு ஹோட்டல் வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய டைப்ரைட்டரைப் பார்த்தார். தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார். காவலாளி ஓடிவந்து தடுத்தான். ரூபேந்திரனுக்குக் கோபம் வரவில்லை, ஞானம் வந்தது. ஒரு பொருளைத் தொடவிடாமல் செய்தால் அதற்கு இவ்வளவு மரியாதையா என்று யோசித்துக்கொண்டே பாலத்தைக் கடந்து ஜொகூருக்குள் வந்தார். வீடு வந்து சேர்வதற்குள் பேரவைக்குப் பெயர் வைத்துவிட்டார். அந்த ஆண்டே பேரவை அவருக்குத் ‘தொன்மைச் செம்மல்’ என்று பட்டம் வழங்கியது. தீர்மானத்தை அவரே முன்மொழிந்தார், வேறு யாருக்கும் அந்தப் பட்டத்தின் பெயர் தெரிந்திருக்கவில்லை.

மூன்றாம் ஆண்டு விழாவுக்கு ஒரு நிருபர் வந்தார். “பொறிகளைப் பார்க்கலாமா?” என்று கேட்டுவிட்டார். அப்போதுதான் பேரவை மரியநாதனைத் தேடிப் போயிற்று.

மரியநாதனுக்கு ஐம்பத்தைந்து வயது. ரெங்கத்தில் வீடு. நகலெடுக்கும் மெஷின்களைப் பழுது பார்ப்பது வேலை. பாலோவிலிருந்து தங்காக் வரை பள்ளிக்கூடம், கிளினிக், வழக்கறிஞர் ஆபிஸ் என்று போய்வருவார். போகிற இடத்தில் மூலையில் பழைய டைப்ரைட்டர் எதுவும் கிடந்தால், “இதை எடுத்துக்கலாமா?” என்று கேட்பார். இப்படியே நாற்பத்தொன்று சேர்ந்துவிட்டது. சோபாவில் நான்கு, அலமாரி மேல் ஒன்பது, மாதா படத்துக்குக் கீழே மூன்று. மீதி எங்கே என்பது அவர் மனைவி கெர்ட்ரூடுக்கு இருட்டில் காலை இடித்துக்கொள்ளும்போது தெரியும்.

மற்றவர்கள் பழைய பொருளைச் சேகரித்தால் முதலில் துடைப்பார்கள். மரியநாதன் துடைக்க மாட்டார். மெஷின் வீட்டுக்கு வந்ததும் ஒரு வெள்ளைத்தாளைச் சுருட்டி மாட்டி எல்லா எழுத்தையும் ஒருமுறை அடிப்பார். அந்தத் தாளின் ஓரத்தில் அதன் குறைகளைக் கையால் எழுதுவார். பத்தொன்பதாவது மெஷினுக்கு வரி முடிந்தால் மணி அடிக்காது. முப்பதாவதற்கு ‘எம்’ எழுத்தில் ஒரு கால் குட்டை. எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் கோத்து வைத்திருந்தார். எண்ணெய் மட்டும் போடுவார், குறையைத் திருத்த மாட்டார். புதிதாக இருந்தபோது எல்லா மெஷினும் ஒன்றுதான், தேய்ந்த பிறகுதான் ஒவ்வொன்றுக்கும் முகம் வருகிறது என்பது அவர் கட்சி.

“எனக்கு முட்டி வலின்னு மூணு வருஷமா சொல்றேன். எனக்கு ஒரு ஃபைல் போட்டீங்களா?” என்பாள் கெர்ட்ரூட்.

பேரவையிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். வந்த வேகத்தில் மரியநாதனுக்கு மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், அதற்கு மேல் இன்னொரு பொன்னாடை போர்த்தினார்கள். செயலாளர் பிரேமலா ஆறு பக்க ஃபாரம் ஒன்றை நீட்டினார். பள்ளி நிர்வாகத்தில் இருந்து ஓய்வுபெற்ற அம்மையார் அவர். எதையும் மூன்று பிரதி இல்லாமல் நம்பாதவர்.

“படிச்சுப் பார்த்துட்டு போடுங்க,” என்றாள் கெர்ட்ரூட் சமையலறையிலிருந்து.

கழுத்தில் மாலை இருக்கும்போது குனிந்து படிப்பது கஷ்டம். மரியநாதன் ஆறு இடத்திலும் கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டு மெஷின்களைப் பேரவை ‘தொன்மை’ என்று பதிந்து, அவர் ஃபைலில் இருந்த எண்ணையே கொடுத்து, வேனில் ஏற்றிக்கொண்டு போனது. வீட்டில் மிச்சமிருந்த இருபத்தொன்பதின் மேலும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ‘தொடாதீர். பேரவைச் சொத்துக்கு நிகரானது’ என்று அதில் எழுதியிருந்தது.

“நிகரானதுன்னா என்னங்க?” என்று கேட்டார் மரியநாதன்.

“சொத்து உங்களோடதுதான்,” என்றார் பிரேமலா. “தொடாம இருக்கிறது மட்டும் எங்களோடது.”

மரியநாதனுக்குப் புரியவில்லை. இருந்தாலும் இத்தனை வருடம் ஊரில் யாரும் சட்டை செய்யாத பொருளுக்கு ஒன்பது பேர் தேடி வந்திருக்கிறார்கள். அந்த மனிதருக்கு அன்று உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

இது நடந்து இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், கருப்பாயி ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார். அறுபத்து நான்கு வயது. பக்கத்துப் பள்ளிக்கூட கேண்டீனில் தட்டுக் கழுவுகிறவர். தெருவில் எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“தம்பி, குடியுரிமை மனுவோட வைக்கணும், இத ரெண்டு காப்பி எடுத்துக் குடுங்க. கிழிஞ்சிறாம பாத்துக்குங்க லா.”

கருப்பாயியிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமை இல்லாதவர்களுக்கு உரியது. பாலோவுக்குப் பக்கத்தில் சுங்கை லெம்பு என்ற தோட்டத்தில்தான் பிறந்தார். ஆனால் அவர் அப்பா பிறப்பைப் பதியப் போகவில்லை. அன்று ரப்பர் மரம் வெட்டிப் பால் இறக்கப் போகாவிட்டால் கூலிக் கணக்கில் பெயரை அடித்துவிடுவார்கள், மறுநாளும் அப்படித்தான், அப்புறம் மறந்துபோனது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சிவப்பு அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். ஃபாரத்தில் ‘எந்த நாட்டிலிருந்து வந்தவர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். ஒவ்வொரு முறையும் யாராவது எழுதத் தெரிந்தவர் அதில் ‘இந்தியா’ என்று போட்டுக் கொடுப்பார். கருப்பாயி இந்தியாவைப் பார்த்ததில்லை. ஜொகூர் பாருவைத் தாண்டியே போனதில்லை. மகள் சிங்கப்பூரில் கல்யாணம் செய்துகொண்டபோதும் போகவில்லை, பாஸ்போர்ட்டுக்குக் குடிமக்கள் வைத்திருக்கும் நீல அட்டை, அதாவது நீல ஐசி, வேண்டும்.

மரியநாதன் உறையிலிருந்து தாளை எடுத்தார். பழுப்பேறிய கடிதம். தோட்டத்து ஆபிஸ் எழுத்தரான கிராணி, தோட்டத்து மருந்துக் கொட்டகைக்கு ஆங்கிலத்தில் அடித்து அனுப்பியது. இந்தத் தோட்டத்தில் 1960 மார்ச் பதினான்காம் தேதி பிறந்த கருப்பாயி என்ற குழந்தைக்குப் பால்மாவு கொடுக்கவும், அவ்வளவுதான் விஷயம். கீழே தோட்டத்து மேலாளரான துரையின் கையெழுத்து. கருப்பாயி பிறந்தது இந்த மண்ணில்தான் என்று சொல்ல உலகத்திலேயே இருந்த ஒரே காகிதம் அது.

மரியநாதன் அதை நகலெடுக்கவில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். கருப்பாயி என்ற பெயரில் ஆங்கில ‘ஏ’ இரண்டு இடத்தில் வருகிறது. இரண்டிலும் அந்த எழுத்தின் வயிறு உடைந்திருந்தது. ‘ஆர்’ வரிக்குக் கீழே அரைநூல் இறங்கி நின்றது.

“கெர்ட்ரூட், ஃபைலக் கொண்டா!” என்று கத்தினார்.

ஏழாவது மெஷின். வயிறுடைந்த ‘ஏ’, இறங்கிய ‘ஆர்’. பழைய இரும்புக் கடையிலிருந்து தூக்கி வந்தது. அதன் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பெயின்டால் ‘சுங்கை லெம்பு, ஆபிஸ் 2’ என்று எழுதியிருந்ததையும் தாளின் ஓரத்தில் குறித்து வைத்திருந்தார். ஃபைல் தாளையும் கடிதத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். கருப்பாயிக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் உடைந்தது உடைந்ததுபோல் இருப்பதைப் பார்க்க மொழி எதற்கு?

மறுநாள் இருவரும் அடையாள அட்டை கொடுக்கும் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே எல்லாரும் மரியாதையாகப் ‘புவான்’ என்று அழைக்கும் ரொஹானா என்ற பெண் அதிகாரி இரண்டு தாளையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு மலாயில் நிதானமாகச் சொன்னார்.

“கடிதம் பழசு, சரி. ஆனா பழைய தாள்ல யாரும் அடிக்கலாம்னு மேல கேப்பாங்க. அந்தத் தோட்டத்து மெஷின்ல அடிச்சதுதான்னு காட்டினா நான் துணிஞ்சு எழுதுவேன். மெஷினைக் கொண்டுவாங்க. என் கண் முன்னால அடிங்க. இருபத்து மூணாம் தேதி, காலை பத்து மணி. மாசக் கடைசியில இந்தக் கோப்பு மேல போயாகணும். அதுக்கப்புறம் என் கையில இல்லை.”

கருப்பாயி வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். “தம்பி, நெசமாத்தான் சொல்றாங்களா?” என்று மூன்று முறை கேட்டார்.

“மெஷினு என்னுதுக்கா. பேரவையில இருக்கு, போய் எடுத்துட்டு வரவேண்டியதுதான்,” என்றார் மரியநாதன்.

எடுத்துக்கொண்டு வரப் போனார். காப்புறுதி அலுவலகத்தின் மேல்மாடியில் பன்னிரண்டு மெஷின்களும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. திறப்பு விழாவில் வைத்த சந்தனமும் குங்குமமும் எழுத்துகளின் இடுக்கில் காய்ந்து கிடந்தன. ஏழாவதுக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள்.

“ஒரு காலைப் பொழுதுக்கு வேணும், அம்மா. மத்தியானமே திருப்பித் தந்துடறேன்,” என்றார் பிரேமலாவிடம்.

“தாராளமா எடுத்துக்கலாம், சார். தற்காலிக இடப்பெயர்ச்சி விண்ணப்பம் ஒண்ணு குடுங்க. கம்ப்யூட்டர்ல அடிக்கக் கூடாது, டைப்ரைட்டர்ல அடிக்கணும். நம்ம பேரவைக்கு ஒரு கௌரவம் இருக்கில்ல?”

“சரி, இங்கேயே ஒண்ணுல அடிச்சுத் தரவா?”

பிரேமலா திடுக்கிட்டார். “இதெல்லாம் தொன்மை, சார். தொடக் கூடாது.”

“வீட்டுல இருக்கிறதுல?”

“ஸ்டிக்கர் ஒட்டியிருக்குமே.”

தலையில் கை வைத்து, “அலமாக்!” என்று மட்டும் சொன்னார் மரியநாதன். ரெங்கத்தில் நாற்பத்தொரு டைப்ரைட்டருக்குச் சொந்தக்காரர், ஒரு விண்ணப்பம் அடிப்பதற்காகத் தங்காக் வரை வண்டி ஓட்டிக்கொண்டு போனார். அங்கே அவர் நகல் மெஷின் பழுது பார்க்கும் ஒரு வழக்கறிஞர் ஆபிஸில், இன்னும் யாரும் தொன்மை என்று கண்டுபிடிக்காத ஒரு மெஷின் இருந்தது. அதில் அடித்து மூன்று பிரதி கொண்டுவந்து கொடுத்தார். பிரேமலா படித்துவிட்டு, மெஷினின் வயது, எடை, போகும் வழி, வழியில் மழை வந்தால் செய்யவேண்டியது ஆகியவை விடுபட்டிருப்பதாகச் சொன்னார். மறுபடி தங்காக். இதற்குள் பதினான்காம் தேதி ஆகிவிட்டது. விண்ணப்பம் பதினேழாம் தேதி செயலவைக் கூட்டத்தில் வைக்கப்படும் என்று கடிதம் வந்தது. கடிதம் கம்ப்யூட்டரில் அடித்திருந்தது.

பதினேழாம் தேதி கருப்பாயி கேண்டீனில் விடுப்புச் சொல்லிவிட்டு, இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். முன் வரிசையில் உட்காரவைத்தார்கள். கீதம், விளக்கு, வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றி எல்லாம் முடிந்து பதினோராவது விஷயமாக விண்ணப்பம் வந்தது. தலைவர் ரூபேந்திரன் எழுந்தார். ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார். அறையில் இருந்தது பதினெட்டுப் பேர்.

“பேரவைப் பெருமக்களே! என் எதிரே ஓர் அம்மையார் அமர்ந்திருக்கிறார். அவர் பிறந்த அதே தோட்டத்தில் நம் ஏழாம் எண் பொறி பணியாற்றியது. அந்தத் தோட்டம் எனக்கும் நெருக்கமானது. அந்த நிலத்தில் இருநூற்றுப் பதினாறு வீடுகளை விற்றவன் நான். பழைய ஆபிஸை இடிக்கும்போது நேரில் நின்று கண் கலங்கியவன் நான். இருவரும் ஒரே மண். ஒருவர் கண்ணாடிப் பேழையில் இருக்கிறார். இன்னொருவர் தட்டுக் கழுவுகிறார். இது நியாயமா?”

“இல்லை!” என்றார்கள் துணைத் தலைவர்கள்.

“பொறிக்குக் கொடுத்த மரியாதையை இந்த அம்மையாருக்கும் கொடுக்க வேண்டாமா? ஆகவே இவரையும் நாம் பதிவு செய்கிறோம்! ‘வாழும் தொன்மை’ என்ற விருதை இவருக்கு வழங்குகிறோம்!”

கைதட்டினார்கள். கருப்பாயி மரியநாதனின் பக்கம் குனிந்து, “என்னமோ பதிவுங்கிறாங்களே, நீல ஐசியா தம்பி?” என்று கேட்டார். இல்லை அக்கா, இது வேறு என்றார் மரியநாதன். அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஆலோசகர் ஐயாசாமி கையை உயர்த்தினார். எல்லா விதியும் தெரிந்தவர், எதையும் விட்டுவைக்காதவர்.

“தலைவர் அவர்களே, விதி நாலு. பதிவான தொன்மையை வச்சு வேலை வாங்கக் கூடாது. அம்மா கேண்டீன்ல வேலை செய்றாங்க. பள்ளிக்கூடத்துக்கு நாம கடிதம் போடணுமா?”

கருப்பாயி எழுந்தே விட்டார். “ஐயா, சாமி, என் வேலையில கை வச்சுறாதீங்க! எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு. அந்த மெஷின ஒரு நாளைக்குக் குடுத்தாப் போதும்.”

இந்தப் பிரச்சினை அரை மணி நேரம் விவாதிக்கப்பட்டது. பள்ளி நாட்களில் காலை ஆறிலிருந்து மத்தியானம் இரண்டு வரை கருப்பாயி தொன்மை அல்ல என்று விதிவிலக்கு அளிக்கப்பட்டது. பிறகு மெஷின் விஷயத்துக்கு வந்தார்கள். மரியநாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார். ஆச்சரியம், ஒருவரும் மறுக்கவில்லை.

“கொடுக்கிறோம்!” என்றார் தலைவர். “பேரவை வரலாற்றில் முதல்முறையாக ஒரு தொன்மைப் பொறி அரசாங்க அலுவலகத்துக்குள் நுழைகிறது. இருபத்து மூன்றாம் தேதி பேரவையே அதை ஏந்திச் செல்லும்.”

மரியநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் இவர்களை மனதுக்குள் திட்டியதற்காகத் தன்னையே நொந்துகொண்டார். கருப்பாயிக்குக் கடைசிப் பேருந்து போய்விடக் கூடாதே என்று அவரைத் தன் வண்டியிலேயே ரெங்கத்துக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினார். அதனால் பதினான்காவது தீர்மானம் நிறைவேறும்போது இருவரும் அங்கே இல்லை.

வழியெல்லாம் கருப்பாயி பேசிக்கொண்டே வந்தார். நீல அட்டை வந்ததும் முதலில் பாஸ்போர்ட், பிறகு சிங்கப்பூர், மகள் வீட்டில் இரண்டு நாள். ஓட்டுப் போட வேண்டும், விரலில் அந்த மை வேண்டும். “செத்தா வெளிநாட்டுக்காரின்னு எழுதக் கூடாது தம்பி. அது ஒண்ணுதான்,” என்றார்.

இருபத்து மூன்றாம் தேதி காலை ஒன்பதரைக்கே இருவரும் பதிவு அலுவலகத்தின் வாசலில் நின்றார்கள். பத்து மணிக்குப் பேரவை வரவில்லை. பத்தே காலுக்கு மரியநாதன் பிரேமலாவுக்குப் போன் போட்டார். “பூமாலை வர லேட்டாயிருச்சு, சார். நிகழ்ச்சி நிரலையே பத்தே முக்காலுக்கு மாத்திட்டோம்,” என்றார் அவர். மரியநாதன் உள்ளே போய்ப் புவான் ரொஹானாவிடம் கைகூப்பினார். அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பதினொன்று வரை காத்திருப்பதாகச் சொன்னார்.

பத்து ஐம்பதுக்கு வேன் வந்தது. பதினாறு பேர், ஒரு பதாகை, ஒரு புகைப்படக்காரர். கார் நிறுத்துமிடத்தில் கீதம் பாடினார்கள். வரிசையில் நின்றிருந்த மலாய்க்காரர்களும் சீனர்களும் யாருக்கோ கல்யாணம் என்று நினைத்து வழிவிட்டார்கள். நடுவே, பட்டுத்துணி மூடிய ஒரு பொருளை அர்ச்சுனன் இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். அதிகாரியின் மேசைமேல் வைத்து, தலைவரைப் பார்த்து, அவர் தலையசைத்ததும் துணியை விலக்கினார்.

மெஷின் பளபளவென்று இருந்தது. கறுப்பு வர்ணம் முகம் பார்க்கலாம்போல் மின்னியது. மரியநாதன் அதை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். அடிப்பக்கத்தில் வெள்ளைப் பெயின்ட் எழுத்து இல்லை. அந்த இடத்தில் தங்க நிறத்தில் பேரவையின் பெயர் இருந்தது.

“என்னங்க செஞ்சீங்க?” என்றார்.

“பதினாலாவது தீர்மானம்!” என்றார் அர்ச்சுனன் முகமெல்லாம் சிரிப்பாக. “அரசாங்க ஆபிஸுக்கு அழுக்கா கொண்டு போறதா? அஞ்சு நாள், சார், ராப்பகலா வேலை. சிங்கப்பூர்லேருந்து எழுத்து வரவழைச்சோம். ஒரு எழுத்துலகூட இப்ப பழுது இல்ல. அடிச்சுப் பாருங்களேன்!”

புவான் ரொஹானா வெள்ளைத்தாளை நீட்டினார். மரியநாதன் அதைச் சுருட்டி மாட்டினார். கருப்பாயி என்று ஆங்கிலத்தில் அடித்தார். ஒவ்வொரு ‘ஏ’யும் வயிறு நிறைந்து உருண்டையாக விழுந்தது. ‘ஆர்’ வரியில் நேராக நின்றது. இன்னொரு முறை அடித்தார். இன்னொரு முறை. புகைப்படக்காரர் ஒவ்வொன்றையும் படம் எடுத்தார்.

“பழைய எழுத்தெல்லாம் எங்க? அது இருந்தாலும் போதும், குடுங்க!”

“இரும்புக் கடையில போட்டாச்சே, சார். தேஞ்சுபோன இரும்பு. அன்னைக்கே லாரி ஏத்திட்டான்,” என்றார் அர்ச்சுனன். அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி இல்லை. தன் கடைத் துணியில் கறை இருந்தால் வெட்டி எறிகிற மனிதர், அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

புவான் ரொஹானா புதிய தாளையும் பழைய கடிதத்தையும் வெகுநேரம் பார்த்தார். மரியநாதன் தன் ஃபைல் தாளை எடுத்து நீட்டினார். “இது இதே மெஷின்ல அடிச்சது, புவான். அன்னைக்குப் பார்த்தீங்களே!”

“பார்த்தேன்,” என்றார் அவர் மெதுவாக. “ஆனா இந்த மெஷின் அதை அடிக்கலையே. என் கண்ணால பார்த்ததைத்தான் நான் எழுத முடியும். இது வேற மெஷின்.” பிறகு கருப்பாயியைப் பார்த்து, “மாஃப், மக்சிக்,” என்றார். மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் அந்த அறையில் அவர்தான்.

கருப்பாயிக்கு இன்னும் விஷயம் விளங்கவில்லை. மெஷின் வந்துவிட்டது, தம்பி அடித்துவிட்டார், பிறகு ஏன் தம்பியின் முகம் இப்படி இருக்கிறது? அதற்குள் தலைவர் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, கையில் ‘வாழும் தொன்மை’ சான்றிதழைக் கொடுத்துவிட்டார். நல்ல கெட்டியான தாள். ஏழாம் எண் பொறியிலேயே அடித்தது. ‘1960 மார்ச் 14 அன்று ஜொகூர், சுங்கை லெம்பு தோட்டத்தில் பிறந்த இம்மண்ணின் மகள் கருப்பாயி அம்மையார்’ என்று தமிழர்களுக்காகத் தமிழர்கள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். எங்கும் ஒரு பிசிறில்லை. கீழே பதினெட்டுக் கையெழுத்து.

பிரேமலா அதைப் படித்துக் காட்டியதும் கருப்பாயியின் முகம் மலர்ந்தது. சான்றிதழை அதிகாரியின் பக்கம் தள்ளினார். “அம்மா, இதுல நான் இங்க பொறந்தேன்னு போட்டிருக்காம். இத்தன பேர் கையெழுத்து வச்சிருக்காங்க. இது செல்லுமா?”

மரியநாதன் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. புவான் ரொஹானா தலையை ஆட்டினார். செல்லாது என்பதையும் மரியநாதன்தான் சொன்னார்.

தலைவர் ஒலிபெருக்கி இல்லாமலே பேச ஆரம்பித்திருந்தார். “இன்று இந்த அம்மையாரின் பிரச்சினை தீர்ந்ததோ இல்லையோ, அதுவல்ல முக்கியம். நம் பொறி அரசாங்க மேசையில் அமர்ந்தது! ஒரு குறையும் இல்லாமல் அமர்ந்தது! இதை எந்த வரலாறும் மறைக்க முடியாது!” கைதட்டினார்கள்.

மெஷினை மறுபடி பட்டில் மூடினார்கள். பிரேமலா ஒரு ஃபாரத்தைக் கொண்டுவந்து மரியநாதனிடம் நீட்டினார். இடப்பெயர்ச்சி நிறைவு அறிக்கை. மூன்று பிரதி. ‘இடப்பெயர்ச்சிக் காலத்தில் பொறிக்குச் சேதம்: உண்டு / இல்லை.’ மரியநாதன் ‘உண்டு’ என்பதைச் சுற்றி வட்டம் போட்டார். பேனா தாளைக் கிழித்தது. ‘விவரம்’ என்ற இடத்தில், ஏ எழுத்து உடைந்திருந்தது, இப்போது முழுதாக இருக்கிறது என்று எழுதினார்.

பிரேமலா படித்துவிட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். “சார், இது சேதம் இல்ல.” அவரே வட்டத்தை அடித்துவிட்டு, ‘இல்லை’யைச் சுற்றி அழகாக வட்டம் போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பமும் வைத்தார்.

வேன் போன பிறகு இருவரும் வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மரியநாதன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். கருப்பாயி கேட்டுக்கொண்டார். அழுவார் என்று மரியநாதன் பயந்துகொண்டிருந்தார். அவர் அழவில்லை, பொன்னாடையை மடித்துப் பைக்குள் வைத்தார். பழைய கடிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாகப் போட்டார். அதிலிருந்த உடைந்த எழுத்துகளை ஒருமுறை உறையின் மேலேயே தடவிப் பார்த்தார்.

“எங்கிட்டதான் தப்புக்கா. நான் அன்னைக்கு அந்த ஆறு பக்கத்தையும் படிச்சிருக்கணும்,” என்றார் மரியநாதன்.

“விடுங்க தம்பி,” என்றார் கருப்பாயி. பிறகு பையிலிருந்து மடித்த ஃபாரம் ஒன்றை எடுத்தார். “வந்தது வந்தாச்சு. அடுத்த மாசம் சிவப்பு ஐசி முடியுது. இத எழுதிக் குடுத்துருங்க, இன்னொரு நாளு லீவு கேக்க முடியாது.”

மரியநாதன் பெயர் எழுதினார். வயது எழுதினார். வேலை எழுதினார். ‘எந்த நாட்டிலிருந்து வந்தவர்’ என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

“என்ன தம்பி?”

அவர் கட்டத்தைக் காட்டினார். கருப்பாயிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கட்டம் ஃபாரத்தில் எந்த இடத்தில் இருக்கும் என்று நன்றாகத் தெரியும்.

“எப்பவும் போடுறதப் போடுங்க,” என்றார்.

மரியநாதன் ‘இந்தியா’ என்று எழுதினார்.